மச்சான் வந்த நேரமும் கோல் விழுந்த நிமிடமும்

அந்த வருடம் எங்கள் க்ளப் ஆடிய முப்பத்தெட்டு ஆட்டங்களில் நான் பார்க்காதவை மூன்று. ஒன்று, ஆலையில் ஆய்வு நடந்த நாள். இன்னொன்று, எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் வெடித்த நாள். மூன்றாவது, மனைவியின் சித்தப்பா மகள் கல்யாண வரவேற்பு. மொய்க் கவருக்குப் பின்னால் போனை மறைத்துப் பார்த்த இருபது நிமிடத்தை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. மீதி முப்பத்தைந்தையும் ஹைதராபாத் போவன்பள்ளியில் எங்கள் வீட்டு ஹாலில், ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து முழுதாகப் பார்த்தேன். அத்தனைக்கும் குறிப்பு இருக்கிறது.

எங்கள் க்ளப் என்று சொல்வது ஒரு உரிமையில்தான். அது இங்கிலாந்தின் வடக்கே, மழை ஓயாத ஒரு சிற்றூரின் கால்பந்துக் க்ளப். அந்த ஊரில் எனக்குத் தெரிந்தவர் ஒரே ஒருவர். ஜீடிமெட்லாவில் நான் வேலை பார்க்கும் மாத்திரை ஆலைக்கு வருடத்துக்கு ஒருமுறை வந்து எங்கள் ஆவணங்களைச் சோதிப்பவர். ஆவணங்கள் என் பொறுப்பு. நான்கு நாள் என் ஃபைல்களைப் புரட்டிவிட்டு, சொல்லும்படியாக ஒரு குற்றமும் கிடைக்காமல், அந்த ஏமாற்றத்தை மறைத்துக்கொண்டு, பெட்டியிலிருந்து ஒரு கம்பளி மஃப்ளரை எடுத்துக் கொடுத்தார். அவர் ஊர் க்ளப்பின் மஃப்ளர். வெகுகாலத்துக்குப் பிறகு அப்போதுதான் அது மேல் டிவிஷனுக்கு ஏறியிருந்தது. “எங்களுக்காகப் பிரார்த்தனை செய்யுங்கள்” என்றார். நான் பிரார்த்தனை செய்கிற ரகம் இல்லை, பதிவு செய்கிற ரகம். ஆகஸ்ட் மாதத்து ஹைதராபாத் புழுக்கத்தில் அந்த மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு முதல் ஆட்டத்துக்கு உட்கார்ந்தேன். இரண்டாவது பாதியில் கழுத்தில் வேர்க்குரு வந்தது. தோற்றோம்.

கால்பந்து தெரியாதவர்களுக்கு ஒரு விதி மட்டும் போதும். மேல் டிவிஷனில் இருபது க்ளப்புகள். சீசன் முடிவில் கடைசி மூன்று இடங்களில் இருப்பவை கீழ் டிவிஷனுக்குத் தள்ளப்படும். எங்கள் க்ளப் முதல் வாரத்திலேயே அந்த மூன்று இடங்களில் ஒன்றைப் பிடித்துக்கொண்டது. துண்டு போட்டு இடம் பிடித்தவன் மாதிரி, எழுந்திருக்கவே இல்லை.

இங்கே மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனைவியின் அண்ணன். அவர்கள் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து செகந்திராபாத்தில் இருக்கிறது. அதனால் அவர்கள் தமிழில் ஊர் உருது கலந்திருக்கும்: கைக்கு என்றால் ஏன், ஹவ் என்றால் ஆமாம், நக்கோ என்றால் வேண்டாம். நான் திருநெல்வேலியிலிருந்து வேலைக்காக வந்து, பெண்ணெடுத்து, தங்கிவிட்டவன். மச்சான் போலாரத்தில் ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டர். இளவயதில் லெஃப்ட் பேக்காக, அதாவது இடப்பக்கத் தடுப்பாட்டக்காரராக ஆடியவர். எங்கள் வீட்டில் கால்பந்து என்றால் என்னவென்று உண்மையில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் மனைவி தவறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. வாரநாட்களைப் பள்ளிக்கூடப் பசங்கள் தின்றுவிடுவார்கள், ஞாயிறு காலை எங்களோடு காய்கறி மார்க்கெட். சனிக்கிழமை மாலைதான் அவருக்குப் பிரச்சினை. “அண்ணனுக்கு நம்ம வீட்ட விட்டா வேற போக்கிடம் இல்லங்க” என்று என் மனைவி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

அவர் சில சனிக்கிழமைகளில் வருவார், சிலவற்றில் வரமாட்டார். வந்தால் பாதி ஆட்டத்தில் வருவார். சோபாவின் இடது மூலையில் உட்கார்ந்து, தொலைக்காட்சிக்குள் இருக்கும் ஆட்களுக்குப் பயிற்சி கொடுப்பார். “டேய், ஏறாதடா! ஏறிட்டான் பாருங்க மாப்ளே. திரும்பி வர யாரு ஆட்டோ புடிச்சுத் தருவா?” அவர் சொல்லி முடிப்பதற்குள், அவன் காலியாக விட்டுப்போன பக்கத்தில் கோல் விழும்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எது பிசகினாலும், ஒரு மாத்திரையின் ஓரம் உடைந்திருந்தால்கூட, ஏன் என்று விசாரித்து ஒரு அறிக்கை எழுத வேண்டும். ‘தற்செயல்’ என்று எழுதினால் அறிக்கை திரும்பி வரும். இருபத்திரண்டு வருடம் இப்படி எழுதியவனுக்கு, ஒரு க்ளப் வாராவாரம் தோற்பதைக் காரணம் இல்லாமல் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? நோட்டில் கட்டம் போட்டேன். யார் எங்கே உட்கார்ந்தார்கள், மஃப்ளர் உண்டா இல்லையா, டீயா காபியா, மிளகாய் பஜ்ஜியா வெறும் பிஸ்கட்டா, மின்விசிறி எத்தனையில் ஓடியது. பெரியவர் சிறியவர் பார்க்காமல் எல்லோரையும் விசாரணை வளையத்தில் வைத்தேன். என் மகளின் போனும் அதில் இருந்தது.

“அப்பா, ப்ளீஸ். தே ஆர் ஜஸ்ட் அ பேட் டீம்” என்றாள் அவள். கல்லூரி இரண்டாம் ஆண்டு. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும், கோபமாகக் கேட்டால் தெலுங்கில்.

டிசம்பர் வாக்கில் பஜ்ஜி நிரபராதி என்று தெரிந்தது. மஃப்ளரும் அப்படியே. ஒரே ஒரு கட்டம்தான் அடம்பிடித்துக்கொண்டு நின்றது. மச்சான் வந்த ஆட்டங்களில், ஒரு டிராவைத் தவிர, எல்லாம் தோல்வி. வராத ஆட்டங்களில்தான் எங்களுடைய சொற்ப வெற்றிகள் அத்தனையும். மூன்று தடவை சரிபார்த்தேன். நான்காவது தடவை பச்சை மையில் சரிபார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மார்க்கெட் முடிந்து, சௌரஸ்தா நாற்சந்தியில் இருக்கும் இரானி ஓட்டலில் உட்கார்ந்தோம். அவர் காலடியில் கத்தரிக்காய்ப் பை. என் கையில் நோட்டு.

“என்ன மாப்ளே, நோட்டெல்லாம் எடுத்துட்டு வந்திருக்கீங்க? சென்சஸ் எடுக்கறீங்களா?”

“மச்சான், தப்பா எடுத்துக்கக் கூடாது. இது டேட்டா.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். “இதுல ‘ம’னு போட்டிருக்கறது நானா?”

“ஆமா.”

“பக்கத்துல ‘தோ’?”

“தோல்வி.”

விரலை வைத்துக்கொண்டு கீழே இறங்கினார். “ம, தோ. ம, தோ. ம, தோ. கைக்கு மாப்ளே, தாளம் மாதிரி எழுதி வெச்சிருக்கீங்க?” பிறகு கண்ணாடியைக் கழற்றினார். “அங்க பதினோரு பேரு கோடிகோடியா சம்பளம் வாங்கிட்டு ஓடறானுங்க. அவனுங்க காரணமில்ல. போலாரத்துல இருக்கற பி.டி. மாஸ்டர் காரணம். ஹவ்?”

“காரணம்னு நான் சொல்லல. தற்காலிகமா தனியா வைக்கிறோம். முடிவு தெரியற வரைக்கும்.”

“எதைத் தனியா வைக்கறீங்க?”

“உங்கள.”

எங்கள் ஆலையில் சந்தேகத்துக்குரிய சரக்கைத் தனி அறையில் வைத்து மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவோம், அது நிராகரிப்பு ஆகாது, அதில் அவமானம் ஒன்றுமில்லை என்று விளக்கினேன். விளக்கும்போதே அது அவ்வளவு ஆறுதலாக இல்லை என்பது எனக்கே தெரிந்தது.

“ஸ்டிக்கர எங்க ஒட்டுவீங்க, நெத்தியிலயா?” என்றார். டீயை ஒரு வாய் குடித்தார். “முப்பது வருஷமா விசில் ஊதறேன். என் காலால தோத்திருக்கேன். என் மூஞ்சியால தோத்ததா யாரும் சொன்னதில்ல.” நோட்டை மறுபடி இழுத்துப் பார்த்தார். “நான் வந்த டைம் எல்லாம் கரெக்டா எழுதிருக்கீங்களா?”

“நிமிஷம் பிசகாம.”

“அப்ப சரி” என்று சிரித்தார். ஏன் சிரித்தார் என்று நான் விசாரிக்கவில்லை. இருபத்திரண்டு வருட அனுபவம்!

விஷயம் தெரிந்ததும் மனைவி என்னோடு பேசுவதை நிறுத்தினாள். அதற்கு அடுத்த சனிக்கிழமை நாங்கள் ஜெயித்தோம். அதற்கடுத்ததும் ஜெயித்தோம். சீசனில் முதல்முறையாக அந்த மூன்று இடங்களிலிருந்து வெளியே வந்து மூச்சு விட்டோம். நான் வீட்டுக்குள் எப்படி நடந்தேன் என்பதை மகள் இன்றைக்கும் நடித்துக் காட்டுகிறாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முகவாயை உயர்த்தி, யாரும் எதுவும் கேட்காதபோதே தலையை ஆட்டிக்கொண்டு.

அப்புறம் ஐந்து ஆட்டம் வரிசையாகத் தோற்றோம்.

மச்சான் இல்லை, பஜ்ஜி இல்லை. ஆனாலும் தோல்வி. மேல்வீட்டு மிக்ஸியைச் சந்தேகித்தேன். அதைவிட மோசம், ஆட்டம் எனக்குப் புரியவே இல்லை. அதுவரை புரிந்ததாக நினைத்ததெல்லாம் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னது. எதற்குக் கொடி தூக்குகிறான், எதற்கு விசில் ஊதுகிறான் என்று தெரியாமல், பொதுவாகக் கத்தினேன். “அப்பா, நீங்க திட்டறது நம்ம ஓன் பிளேயர்” என்றாள் மகள். அதையும் குறித்துக்கொண்டேன்.

போலாரத்துச் செய்திகள் மனைவி யாருக்கோ போனில் சொல்வதுபோல் என் காதில் விழும்படி வரும். “அண்ணன் சனிக்கிழமையில ஸ்கூட்டர கழுவுதாம். ஒரே சாயந்திரத்துல மூணு தடவ. அதுக்கப்புறம் கிரவுண்டுல போய் சுண்ணாம்புக் கோடு போடுதாம். லீவு நாள்ல!” நான் செய்தித்தாளைச் சத்தமாகப் புரட்டுவேன்.

ஒன்று ஜெயித்து மூன்று தோற்று, இப்படியே மே மாதம் வந்தது. கடைசிக்கு முந்தைய ஆட்டம் ஒரு சனிக்கிழமை, நம் நேரத்துக்கு மாலை ஐந்து மணிக்கு. ஜெயித்தால் உயிர் இருக்கும், தோற்றால் கீழ் டிவிஷன். அன்று காலை, ஆலையில் வருடக் கடைசியில் செய்வதுபோல, நோட்டில் இருப்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற உட்கார்ந்தேன். அங்கேதான் சிக்கிக்கொண்டேன்.

மச்சான் வந்த நேரத்தைச் சுவர்க் கடிகாரப்படி எழுதியிருந்தேன்: எட்டு பதினெட்டு, எட்டு முப்பத்தொன்று. கோல் விழுந்ததை ஆட்டத்தின் நிமிடப்படி எழுதியிருந்தேன்: பதினாறாவது நிமிடம், இருபத்தெட்டாவது நிமிடம். ஆட்டம் ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு மணிக்குத் தொடங்கும். போதாததற்கு அக்டோபர் கடைசியில் இங்கிலாந்துக்காரர்கள் கடிகாரத்தையே ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்கள். அதனால் ஆட்ட நிமிடம்தான் துல்லியம் என்று நானே முடிவு செய்திருந்தேன். கம்ப்யூட்டர் இரண்டையும் ஒரே கடிகாரத்துக்கு மாற்றச் சொன்னது. மாற்றினேன்.

ஏழரை மணி ஆட்டம், பதினாறாவது நிமிடத்தில் முதல் கோல் என்றால் ஏழு நாற்பத்தாறு. மச்சான் வந்தது எட்டு பதினெட்டு. அடுத்தது: கோல் ஏழு ஐம்பத்தெட்டு, மச்சான் எட்டு முப்பத்தொன்று. பதினான்கு தடவை வந்திருக்கிறார். பதினான்கு தடவையும் எங்களுக்கு எதிரான முதல் கோல் அவர் வருவதற்கு முன்பே விழுந்திருக்கிறது. அதுவும் எப்போதும் அரைமணி நேரத்துக்கு முன், இரண்டு மூன்று நிமிடம் முன்பின்னாக. வெவ்வேறு கடிகாரத்தில் எடுத்த இரண்டு அளவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காரணம் கண்டுபிடிப்பவனை எங்கள் ஆலையில் வாசல் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். அப்படி நிறுத்தும் ஆள் நான்தான்.

அரைமணி என்பது போலாரத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு ஸ்கூட்டரில் வரும் நேரம்.

சமையலறைக்குப் போனேன். மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“உங்க அண்ணன் நாம கோல் வாங்கினதும் கிளம்பி வந்திருக்காரு. எப்படித் தெரியும் அவருக்கு? அவர் வீட்டுல அந்தச் சானல் இல்லையே?”

அவள் கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “நான்தான் மிஸ்டு கால் குடுப்பேன்.”

“எதுக்கு?”

“எதுக்கா? ஒரு கோல் விழுந்தா உங்களோட இந்த வீட்ல மனுஷங்க இருக்க முடியுமா? ரிமோட்ட தூக்கி வீசறது, ஃபேன திட்டறது, நானும் புள்ளயும் பெட்ரூம்ல ஒளியறது. அண்ணன் வந்து உக்காந்தா ஆட்டத்தப் பத்தி ஏதாவது சொல்லும், நீங்க தலைய ஆட்டிட்டு அடங்கிடுவீங்க. ஒரு கோலுக்கு ஒரு மிஸ்டு கால். ரெண்டு தடவ அடிச்சா வர்ற வழியில பஜ்ஜி வாங்கிட்டு வரணும்.”

“இத்தன நாளா ஏன் சொல்லல?”

“நான் சொல்றேன்னுதான் சொன்னேன். அண்ணன்தான் நக்கோனுடுச்சு. மாப்ளே மனசு கஷ்டப்படும்னு. சரி, ரெண்டு மேட்ச் தோத்தா நீங்களே அடங்கிக் கூப்பிடுவீங்கனு பாத்தேன்.” கீரைக் கட்டை ஓங்கி வைத்தாள். “நீங்க ரெண்டையும் ஜெயிச்சுத் தொலைச்சீங்க.”

மூன்று மணிக்குப் போலாரம் போய்ச் சேர்ந்தேன். மச்சான் பனியனோடு அபார்ட்மென்ட் வாசலில், வாட்ச்மேன் ஸ்டூலுக்குப் பக்கத்தில் ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

“வாங்க மாப்ளே. ஸ்டிக்கர உரிக்க வந்தீங்களா?”

நோட்டை நீட்டினேன். எங்கள் தொழிலில் தவறாக எழுதியதை அழிக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது. பழையது படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, காரணம் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். பதினான்கு வரிகளிலும் அப்படிச் செய்திருந்தேன். ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, பதினான்கையும் நிதானமாகப் படித்தார்.

“காரணம்: பதிவாளரின் கவனக்குறைவு. யாரு இந்தப் பதிவாளர்?”

“நான்தான்.”

“கேக்கல. வாட்ச்மேனுக்கும் கேக்கறமாதிரி சொல்லுங்க.”

சத்தமாகச் சொன்னேன். வாட்ச்மேனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் எழுந்து நின்றார்.

மச்சான் பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். “நானும் ஒண்ணு சொல்லணும் மாப்ளே. நீங்க எழுதினது முழுசா தப்புன்னும் சொல்ல முடியாது.”

“என்ன?”

“உங்க க்ளப்பு கோல் வாங்கணும்னு நான் சாமி கும்பிட்டிருக்கேன். சனிக்கிழமையானா குளிச்சு, ஷர்ட்ட போட்டு, வண்டிச் சாவிய கையில வெச்சுட்டு போன் பக்கத்துல உக்காந்திருப்பேன். கோல் விழுந்தாதான மிஸ்டு கால் வரும்? நவம்பர்ல ஒரு நாள் ரெண்டுக்கு சைபர் ஜெயிச்சீங்களே, ஞாபகம் இருக்கா? பத்து மணி வரைக்கும் பாத்தேன். அப்புறம் ஷர்ட்ட கழட்டி மடிச்சு வெச்சுட்டு, உப்புமா கிண்டி சாப்ட்டுப் படுத்துட்டேன்.”

அந்த வெற்றிக்கு நான் வீட்டில் பால்பாயசம் வைக்கச் சொன்னேன். அதுவும் நோட்டில் இருக்கிறது.

“ஜெயிக்கிற அன்னிக்கும் வந்திருக்கலாமே மச்சான்” என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு மடத்தனம் என்று உறைத்தது.

“கூப்பிட்டாதான வர முடியும்” என்றார். “தங்கச்சி வீடுதான். அதுக்காகத் தெனம் போய் நிக்க முடியுமா?”

“இன்னிக்கு அஞ்சு மணிக்கு ஆட்டம். முதல் விசிலுக்கே இருக்கணும். கிளம்புங்க.”

“தோத்துட்டா?”

“தோத்தா தோக்கட்டும்.”

“அத எழுதிக் குடுங்க” என்றார். எழுதிக் கொடுத்தேன். உள்ளே போய் ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்து, அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

நான்காவது நிமிடத்தில் கோல் விழுந்தது. எங்கள் வலையில்தான். மனைவியும் மகளும் மச்சானைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். நான் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டேன். மச்சான் ஷர்ட் பையைத் தொட்டுக் காட்டினார்.

“ஹவ் மாப்ளே, இந்தத் தடவ நான்தான். ஒத்துக்கறேன்.”

மகள் சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது.

பாதி ஆட்டத்துக்குள் இன்னொன்று. இரண்டாம் பாதியில் நாங்கள் ஒன்று போட்டோம். அந்தப் பத்து நிமிடம் நான்கு பேரும் நின்றுகொண்டே பார்த்தோம். ஏன் போட முடிந்தது என்று மச்சான் விளக்கினார், எனக்கு உண்மையாகவே புரிந்தது. பிறகு எங்கள் லெஃப்ட் பேக் வழக்கம்போல மேலே ஏறினான், அவன் விட்டுப்போன இடத்தில் மூன்றாவது கோல் விழுந்தது. முடிந்தது. மழையில் நனைந்த அந்த ஊர்க்காரர்கள், தோற்றுப்போன பதினோரு பேருக்கு எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் தொலைக்காட்சியை அணைக்கப் போனேன்.

“இருங்க மாப்ளே. அவனுங்க உள்ள போகட்டும்” என்றார்.

எல்லோரும் உள்ளே போன பிறகு மச்சான் எழுந்து சாவியைத் தேடினார். தேவைக்கு மேல் நேரம் எடுத்துத் தேடினார். “அப்ப கீழ் டிவிஷன். அடுத்த வருஷம் இதெல்லாம் நம்ம டீவில வராது இல்ல?”

“வராதுன்னு நெனைக்கிறேன்.”

“ம்.” செருப்பைப் போட்டுக்கொண்டார்.

“இன்னும் ஒரு ஆட்டம் இருக்கு மச்சான். அடுத்த ஞாயிறு, ராத்திரி எட்டரைக்கு.”

“அதுல என்ன இருக்கு? ஜெயிச்சாலும் ஒண்ணுதான், தோத்தாலும் ஒண்ணுதான்.”

“ஒண்ணும் இல்ல. அதுக்கும் வாங்க. அது முடிஞ்சு வர்ற சனிக்கிழமையும் வாங்க. ஆட்டம் இல்லாட்டியும்.”

“கோல் விழறதுக்கு முன்னாலயா, விழுந்தப்புறமா?”

“முன்னால.”

படியிறங்கிப் போனார். வண்டி கிளம்பும் சத்தம் உடனே கேட்கவில்லை. சற்றுப் பொறுத்துக் கேட்டது.

அடுத்த ஞாயிறு பகல் பன்னிரண்டே காலுக்கு அழைப்பு மணி அடித்தது. இஸ்திரி போட்ட ஷர்ட், எண்ணெய் வைத்துச் சீவிய தலை, கையில் இரண்டு சீதாப்பழம் அளவுக்குக் கட்டிய பஜ்ஜிப் பொட்டலம்.

“என்னண்ணே, மேட்ச் எட்டரைக்கு இல்ல?” என்றாள் மனைவி.

“ட்ராஃபிக் இருக்கும்னு நெனச்சேன்.”

ஞாயிறு மதியம் போலாரம் சாலையில் ட்ராஃபிக்! நான் இன்னொரு தட்டை எடுத்து வைத்தேன். அவர் கை கழுவிக்கொண்டு வந்து, என் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, சாம்பாரில் உப்பு கம்மி என்றார்.